‘படம் மட்டும் எடுங்கள், கை வைக்காதீர்கள்’: 1964-ல் தப்பிய ஒரு கால்

1964 ஜனவரி. அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் போர்ட்லண்ட் நகரம். அங்கிருந்த பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் 82 வயது மூதாட்டி ஒருவர் படுத்திருந்தார். இடது பாதத்தில் ஆறாத புண். விரல்கள் கறுத்து அழுக ஆரம்பித்திருந்தன. ராத்திரி பகல் பாராத வலி. பார்த்த மருத்துவர்கள் சொன்னது ஒன்றுதான்: காலை எடுத்துவிட வேண்டும்.

பாட்டி முடியாது என்றார்.

மருத்துவ வரலாற்றில் இந்த ‘முடியாது’வுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். அடுத்து நடந்ததைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் மருத்துவரின் துணிச்சலைத்தான் பேசுகிறார்கள். அவர் துணிச்சல்காரர்தான், சந்தேகமில்லை. ஆனால் பாட்டி சரியென்று தலையாட்டியிருந்தால் அந்தக் கால் அந்த வாரமே போயிருக்கும். இன்று நம் ஊரில் ‘ஆஞ்சியோ பண்ணாங்க’, ‘பலூன் போட்டாங்க’, ‘ஸ்டென்ட் வச்சாங்க’ என்று சாதாரணமாகச் சொல்கிறோமே, அந்தச் சிகிச்சைக்கு வேறொரு தொடக்கம் தேடவேண்டி வந்திருக்கும்.

சிகிச்சை கேட்டு அவரை அனுப்பிவைத்த இடம் அறுவை அரங்கம் இல்லை, எக்ஸ்ரே துறை. அதன் தலைவர் சார்லஸ் டாட்டர். 1920-ல் பிறந்தவர். 1952-ல், 32 வயதிலேயே, அந்த மருத்துவப் பள்ளியின் ரேடியாலஜி துறைக்குத் தலைவரானவர். அனுப்பியவர் அவருடைய நண்பரான ஒரு சர்ஜன். பெரிய நம்பிக்கையோடு அனுப்பவில்லை. எப்படியும் போகப்போகிற கால், முயன்று பார்க்கட்டுமே என்கிற அளவுதான்.

அடைப்பு எங்கே இருந்தது

கால் ஏன் அழுகுகிறது என்பதில் நிறையப் பேருக்குக் குழப்பம் உண்டு. புண்ணுக்கு மருந்து போடுகிறோம், கட்டு மாற்றுகிறோம், ஆன்டிபயாடிக் கொடுக்கிறோம், ஆனாலும் ஆறவில்லை. ஏனென்றால் கோளாறு பாதத்திலேயே இல்லை. ஒன்றரை அடி, இரண்டு அடி மேலே, தொடையில் ஓடும் தமனியில் இருக்கிறது. தமனியின் உள்சுவரில் பல வருஷமாகக் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து வழியைக் குறுக்கிவிடுகின்றன. கீழே வரவேண்டிய ரத்தம் வருவதில்லை. ரத்தம் வராத இடத்தில் எந்தப் புண்ணும் ஆறாது. மாத்திரையில் உள்ள மருந்தும் அதே ரத்தத்தில்தானே போய்ச்சேர வேண்டும்?

டாட்டர் ஆஞ்சியோகிராம் எடுத்தார். தமனிக்குள் சாய மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரேயில் பார்ப்பது. பாட்டியின் தொடைத் தமனியில் ஓரிடத்தில், நீளம் குறைவான ஒரு சுருக்கம் தெரிந்தது. நீண்ட அடைப்பில்லை. பல இடங்களில் சிதறிக் கிடக்கும் அடைப்புகளும் இல்லை. ஒரே ஒரு குறுகல். இந்த விவரத்தை மறந்துவிட வேண்டாம். பின்னால் இதற்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

குழாய்க் கணக்கு ஒன்று இங்கே உதவும். சீராக ஓடும் ஒரு திரவம் குழாயில் எவ்வளவு போகும் என்பது ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆரம் பாதியானால் ஓட்டம் பாதியாவதில்லை, பதினாறில் ஒரு பங்காகிவிடுகிறது. உடம்புக்குள் பக்கவாட்டுக் குழாய்கள் உண்டு, ரத்தம் தண்ணீரைப் போல ஓடுவதும் இல்லை; அதனால் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் போக்கு அதுதான். இதைத் திருப்பிப் பாருங்கள்: குறுகலைக் கொஞ்சம் விரித்தாலே போதும், ஓட்டம் பல மடங்கு கூடிவிடும். புத்தம்புதுத் தமனி மாதிரி ஆக்க வேண்டிய தேவையே இல்லை. டாட்டரின் கருவி எவ்வளவு முரட்டுத்தனமானது என்பதைப் பார்க்கும்போது, இந்தக் கணக்கு அவருக்கு எவ்வளவு துணைநின்றிருக்கிறது என்று தெரிகிறது.

முந்தைய ஆண்டின் தற்செயல்

ரத்தக் குழாய்க்குள் நுழையும் வழி அப்போதே இருந்தது. 1929-ல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டில் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்ற இளம் மருத்துவர் தன் கையில் உள்ள சிரை (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்) வழியாகவே கதீட்டர் என்ற மெல்லிய நீளக் குழாயைத் தன் இதயம் வரை செலுத்தி, எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோய்ப் படம் எடுத்துக்கொண்டார். அதற்காகத் திட்டு வாங்கினார்; 1956-ல் நோபல் பரிசில் பங்கும் வாங்கினார். 1953-ல் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் செல்டிங்கர் இன்னும் எளிய வழி ஒன்றைக் காட்டினார். முதலில் ஊசி, ஊசிக்குள் ஒரு கம்பி, பிறகு ஊசியை உருவிவிட்டுக் கம்பியின்மேல் கதீட்டர். தோலை வெட்டித் தமனியைத் திறக்கும் வேலையே இல்லை. இன்று வரை உலகத்தின் எந்த கேத் லேபுக்கு, அதாவது கதீட்டர் செலுத்தும் அறைக்கு, போனாலும் முதல் இரண்டு நிமிஷம் நடப்பது இதுதான்.

இவை எல்லாம் பார்ப்பதற்கான வழிகள். உள்ளே போனோமா, படம் எடுத்தோமா, வெளியே வந்தோமா. சரிசெய்வது சர்ஜனின் வேலை.

1963-ல் டாட்டர் வேறொரு நோயாளிக்கு, சிறுநீரகத் தமனி குறுகியிருக்கிறதா என்று பார்க்க, தொடை இடுக்கிலிருந்து ஒரு கதீட்டரை மேலே அனுப்பினார். கதீட்டர் பெருந்தமனியை அடைந்தது, படமும் கிடைத்தது. அதற்கப்புறம்தான் தெரிந்தது, கதீட்டர் போன வழியில் இருந்த இடுப்புத் தமனி முழுசாக அடைத்துக் கிடந்தது என்பது. அடைப்பைத் துளைத்துக்கொண்டு போயிருக்கிறது. கதீட்டரை எடுத்த பிறகும் அந்த வழி திறந்திருந்தது.

இது பலருக்கும் நடந்திருக்கக்கூடிய தற்செயல். நடந்தவர்கள் பெரும்பாலும் ‘நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை’ என்று மூச்சுவிட்டிருப்பார்கள். டாட்டர் அதை வேண்டுமென்றே செய்தால் என்ன என்று கேட்டார். அந்த ஜூன் மாதமே செக்கோஸ்லோவாக்கியாவில், கார்லோவி வாரியில் நடந்த ரேடியாலஜி மாநாட்டில் பேசும்போது, கதீட்டர் வெறும் பார்க்கும் கருவி இல்லை, கற்பனையோடு பயன்படுத்தினால் அது ஒரு முக்கியமான அறுவைக் கருவியாகும் என்றார். வேண்டுமென்றே செய்துபார்க்க ஒரு நோயாளி கிடைப்பதற்குள் அடுத்த ஜனவரி வந்துவிட்டது.

கருவிக்கு என்ன செய்தார்? கடையில் கிடைக்கவில்லை, தானே செய்துகொண்டார். கிடார் தந்தி, ஃபோக்ஸ்வாகன் காரின் ஸ்பீடாமீட்டர் கேபிள் எல்லாம் அவர் கையில் கைடு வயர், அதாவது கதீட்டருக்கு வழிகாட்டும் கம்பி, ஆகியிருக்கின்றன. 1963-ல் சிகாகோவில் நடந்த ரேடியாலஜி கண்காட்சியில் பில் குக் என்ற இளைஞர் ஒரு சின்ன மேசை போட்டு, ஊதுவிளக்கில் டெஃப்லான் குழாயைச் சூடாக்கி, நுனி கூர்த்த கதீட்டர்கள் செய்துகாட்டிக்கொண்டிருந்தார். டாட்டர் அந்த விளக்கையும் குழாய்களையும் ராத்திரிக்கு மட்டும் கடன் கேட்டு ஹோட்டல் அறைக்குக் கொண்டுபோனார். காலையில் பத்து கதீட்டர்களோடு வந்து நின்றாராம். குக் அவற்றைத் தலா 10 டாலருக்கு விற்றார். வீட்டின் ஓர் உபரி அறையில் தொடங்கிய அந்த குக் கம்பெனி பின்னால் இந்தத் துறையின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்றாயிற்று.

ஜனவரி 16

பாட்டிக்கு மயக்க மருந்து தரவில்லை. தொடை இடுக்கில் மரத்துப்போகும் ஊசி மட்டும். தமனியில் ஊசி குத்தி, அதன் வழியே ஒரு கைடு வயரைக் கீழ்நோக்கி, பாதத்தின் பக்கமாக இறக்கினார் டாட்டர். எக்ஸ்ரே திரையில் பார்த்துப் பார்த்து, குறுகலின் நடுவே கம்பியை நுழைத்து மறுபக்கம் கொண்டுபோனார். மொத்தச் சிகிச்சையிலும் கடினமான நிமிஷம் இதுதான். கம்பி தப்பான பாதையில், தமனிச் சுவரின் அடுக்குகளுக்கு இடையே புகுந்துவிட்டால் காரியம் கெட்டுவிடும்.

கம்பி தாண்டிய பிறகு, அதன்மேல் ஒரு டெஃப்லான் கதீட்டர். ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் கனம். அது குறுகலைக் கடந்ததும், அதையே உள்கம்பியாக வைத்து, அதற்கு மேலே இன்னொரு பெரிய கதீட்டர், ஏறத்தாழ நான்கு மில்லிமீட்டர். ஒன்றுக்குள் ஒன்று செருகிய குழாய்கள். அவ்வளவுதான் கருவி. பலூன் இல்லை, குழாயைத் திறந்தபடி தாங்கிப்பிடிக்கும் ஸ்டென்ட் வலை இல்லை. அடைப்பு சுவரோரமாக நசுங்கி ஒதுங்க வேண்டும், அதற்கு நடுவில் ஒரு வழி கிடைக்க வேண்டும் என்பதுதான் எதிர்பார்ப்பு.

சில நிமிஷங்களில் பாதம் சூடாயிற்று, சிவந்தது. அழுக ஆரம்பித்த காலில் ரத்தம் திரும்பிவந்ததன் முதல் அடையாளம் அதுதான். அதைச் சொல்ல எந்த இயந்திரமும் தேவைப்படவில்லை, தொட்டுப் பார்த்தாலே போதும்.

சர்ஜன்கள் உடனே நம்பிவிடவில்லை. நசுக்கிய இடத்தில் ரத்தம் உறைந்து மறுபடி அடைத்துக்கொள்ளும் என்று காத்திருந்தார்கள். நியாயமான பயம்தான், முரட்டுத்தனமாக விரித்த தமனியில் உறைவு ஏற்படுவது எதிர்பார்க்கக்கூடியதே. பாட்டியைச் சில வாரங்கள் ஆஸ்பத்திரியிலேயே வைத்துக் கவனித்தார்கள். அடைக்கவில்லை. வலி ஒரு வாரத்தில் போய்விட்டது. புண் ஆறியது. மூன்று வாரம் கழித்தும் ஆறு மாதம் கழித்தும் எடுத்த படங்களில் தமனி திறந்தே இருந்தது. அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகளுக்கும் மேல், தன் இரண்டு காலிலும் நடந்தபடி அவர் உயிரோடு இருந்தார்.

நான் மேலே மறக்க வேண்டாம் என்று சொன்ன விவரம் இங்கே வருகிறது. குறுகல் சின்னது, ஒன்றே ஒன்று, முழு அடைப்பும் இல்லை. இன்றைக்கும் காலில் பலூன் சிகிச்சைக்கு மிகச் சாதகமான படம் எது என்று கேட்டால் இதையேதான் சொல்வார்கள். முதல் நோயாளியாக இந்தப் பாட்டி வந்தது டாட்டரின் அதிர்ஷ்டம். நீளமாக, சுண்ணாம்பு படிந்து இறுகிப்போன ஓர் அடைப்போடு இன்னொருவர் வந்திருந்தால், முதல் முயற்சியே தோற்று, ‘எக்ஸ்ரேகாரரால் கால் போனது’ என்ற பேச்சோடு விஷயம் முடிந்திருக்கக்கூடும். அதே ஆண்டு நவம்பரில் டாட்டரும் அவரோடு வேலை பார்த்த மெல்வின் ஜட்கின்ஸும் ‘சர்குலேஷன்’ மருத்துவ இதழில் வெளியிட்ட முதல் அறிக்கையில் 9 நோயாளிகளின் 11 கால்கள் இருந்தன. எல்லாக் காலும் அந்தப் பாட்டியின் கால் மாதிரி இருக்கவில்லை.

ஒரு சீட்டில் எழுதிய வரி

வெற்றி கிடைத்தது. ஊரே கொண்டாடியிருக்க வேண்டாமா? ‘லைஃப்’ இதழ் அந்த ஆண்டே படங்களோடு ஒரு கட்டுரை போட்டது. படங்களில் டாட்டர் கண்களை அகல விரித்து, கைகளை ஆட்டி, ஏதோ ஆவேசம் வந்தவர் போல இருந்தார். ‘கிறுக்கு சார்லி’ என்ற பட்டம் அவருக்கு ஏற்கெனவே தோதாகத்தான் இருந்தது. மலையேறுவதில் வெறி, அமெரிக்காவின் 48 மாநிலங்களில் 14,000 அடியைத் தாண்டிய 67 சிகரங்களிலும் ஏறியவர். தன் சிகிச்சைக்கு அவர் வைத்துக்கொண்ட சின்னம், குறுக்கே வைத்த ஒரு குழாயும் ஒரு ஸ்பேனரும். பிளம்பர் குழாய்க்குச் செய்ய முடிகிறதை நாம் ரத்தக் குழாய்க்குச் செய்ய முடியாதா என்பது அதன் பொருள். சர்ஜன்களுக்கு இது வேடிக்கையாகப் படவில்லை.

டாட்டருக்கு ஒரு சர்ஜன் அனுப்பிய ஆஞ்சியோ கோரிக்கைச் சீட்டு ஒன்று இந்தத் துறையில் பிரபலம். அதில் பெரிய எழுத்தில், ‘படம் எடுங்கள், சரிசெய்ய முயலாதீர்கள்’ என்று எழுதியிருந்தது. ஒரு சகாப்தத்தின் மனநிலையே அந்த ஒற்றை வரியில் இருக்கிறது.

இதில் பொறாமை மட்டும்தான் இருந்தது என்று சொன்னால் அது அநியாயம். யோசித்துப் பாருங்கள். அந்தக் கால ரேடியாலஜிஸ்டுக்குச் சொந்தமாக நோயாளி கிடையாது, வார்டு கிடையாது, படுக்கை கிடையாது. சீட்டு வரும், படம் எடுப்பார், அறிக்கை எழுதுவார். ராத்திரி இரண்டு மணிக்குத் தொடை இடுக்கில் ரத்தம் கசிந்தால் கூப்பிடுவது யாரை? தமனி கிழிந்தால் திறந்து தைப்பது யார்? சர்ஜன்தான். பொறுப்பு ஒருவரிடமும் கை வைக்கும் உரிமை இன்னொருவரிடமும் இருப்பது எந்தத் தொழிலிலும் சரிப்பட்டு வராது.

டாட்டருக்கே இது தெரிந்திருந்தது. 1968-லேயே தன் சகாக்களை எச்சரித்து எழுதினார்: நோயாளியின் முழுப் பொறுப்பையும் நாம் ஏற்காவிட்டால், கூலி அதிகம் வாங்கும் பிளம்பர்களாகத்தான் இருப்போம், இந்த நிலமும் நம் கையைவிட்டுப் போய்விடும். அப்படியே நடந்தது. இதயத் தமனி கார்டியாலஜிஸ்டுகளிடம் போயிற்று. கால் தமனியும் பல ஊர்களில் ரத்தக் குழாய் அறுவை செய்யும் வாஸ்குலர் சர்ஜன்களிடம் போய்விட்டது. ‘கை வைக்காதே’ என்று சீட்டு எழுதியவர்களின் வாரிசுகள் இன்று தாங்களே கம்பி நுழைக்கிறார்கள்.

அமெரிக்கா பத்து ஆண்டுக்கு மேல் இதை ஓரங்கட்டி வைத்திருந்தது. ஐரோப்பா எடுத்துக்கொண்டது. ஜெர்மனியில் எபர்ஹார்ட் ஸைட்லர் போன்றவர்கள் நூற்றுக்கணக்கானோருக்குச் செய்தார்கள். அங்கே ‘டாட்டர் செய்வது’ என்று அவர் பெயரே வினைச்சொல்லாயிற்று.

முறையில் குறையும் இருந்தது. குழாயின்மேல் குழாய் என்றால், உள்ளே எவ்வளவு விரிக்க வேண்டுமோ அவ்வளவு பெரிய ஓட்டையைத் தொடை இடுக்கிலும் போட்டாக வேண்டும். தொடைத் தமனிக்கு நான்கு மில்லிமீட்டர் சரி. இடுப்புத் தமனி அதைவிடப் பெரியது, அதற்கு இது எட்டாது. தவிர, குழாயை முன்னால் தள்ளும்போது அடைப்பின் துணுக்குகள் உடைந்து கீழே போய் இன்னோர் இடத்தில் சிக்கவும் கூடும். உள்ளே ஒல்லியாகப் போய், போன இடத்தில் மட்டும் பருக்கிற ஒன்று வேண்டும்.

அதைச் செய்தவர் ஆண்ட்ரியாஸ் குருன்ட்ஸிக். ஜெர்மனியில் பிறந்து சூரிச்சில் வேலை பார்த்தவர். சமையலறை மேசையில், ரப்பருக்குப் பதிலாக பி.வி.சி.யைக் கொண்டு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஊதாத பலூனை உருவாக்கினார். சாதாரண பலூன் எங்கே எதிர்ப்பு குறைவோ அங்கே ஊதும். அதாவது அடைப்பை விட்டுவிட்டு நல்ல இடத்தை ஊதிவைக்கும். இவருடையது உருளையாக, அளவு மாறாமல், அடைப்பையே அழுத்தியது. 1974 பிப்ரவரியில் ஒரு காலில். 1977 செப்டம்பர் 16 அன்று, 38 வயது மனிதர் ஒருவரின் இதயத் தமனியில். விழித்திருந்த நோயாளிக்கு இதயத் தமனியில் செய்த முதல் பலூன் சிகிச்சை அது. பக்கத்திலேயே இதய சர்ஜன்களின் குழு தயாராக நின்றது. அவர்களுக்கு வேலை வரவில்லை. பத்து ஆண்டு கழித்து எடுத்த ஆஞ்சியோவிலும் அந்த இடம் திறந்தே இருந்தது.

இதயத்துக்கு வந்ததும் உலகம் விழித்துக்கொண்டது. காலுக்கு 13 ஆண்டுகளாகக் கிடைக்காத மரியாதை மார்புக்கு ஒரே நாளில் கிடைத்தது. அப்புறம் வந்தவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தன: 1990-ல் புவெனஸ் ஐரிஸில் ஹுவான் பரோடி வயிற்றுப் பெருந்தமனியின் வீக்கத்தைக் கால் வழியாகவே உறை போட்டு மூடினார், 1995-ல் பாரிஸிலிருந்து ரவினா, கர்ப்பப்பைக் கட்டிக்குப் போகும் ரத்தத்தைத் துகள்களால் அடைத்துக் கட்டியைச் சுருங்கவைக்கலாம் என்று எழுதினார், 2002-ல் ரூவான் நகரில் க்ரிபியே மார்பைத் திறக்காமல் இதய வால்வு வைத்தார், 2015-ல் மூளைத் தமனியின் உறைவைக் கம்பியால் இழுத்தெடுப்பது பக்கவாதத்துக்குப் பலன் தரும் என்று அடுத்தடுத்து ஐந்து ஆய்வுகள் நிரூபித்தன. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். ஓர் ஊசி, ஒரு கம்பி, ஒரு திரை.

டாட்டர் 1985 பிப்ரவரியில் காலமானார். அதே ஆண்டு ஜட்கின்ஸும், இதய ஆஞ்சியோகிராமைத் தொடங்கிவைத்த மேசன் சோன்ஸும் போனார்கள். அக்டோபரில், தானே ஓட்டிய விமானம் விழுந்து குருன்ட்ஸிக்கும் போனார். நான்கு பேரும் ஒரே ஆண்டில்.

கத்தியா கம்பியா

சரி, இந்தக் கதையைப் படித்துவிட்டு ‘அப்போ ஆபரேஷனே வேண்டாம், எல்லாம் கம்பியிலேயே முடிந்துவிடும்’ என்று யாராவது நினைத்தால், அந்தக் குறுகிய ஒற்றை அடைப்பை மறுபடி நினைவுபடுத்த வேண்டியிருக்கும்.

பாட்டியின் கால் மாதிரியான, அழுகல் வரை போன கால்களில் கத்தி நல்லதா கம்பி நல்லதா என்று சமீபத்தில் இரண்டு பெரிய ஆய்வுகள் நேருக்கு நேர் ஒப்பிட்டுப் பார்த்தன. 2022-ல் வெளியான ‘பெஸ்ட்-சிஎல்ஐ’ ஆய்வில் 1,830 நோயாளிகள். பைபாஸுக்கு, அதாவது அடைப்பைச் சுற்றி வேறொரு குழாயை வைத்துத் தைத்து மாற்றுவழி போடுவதற்கு, பயன்படுத்த, காலிலேயே நல்ல, நீளமான சிரை இருந்தவர்களில், பைபாஸ் செய்துகொண்டோரில் 42.6 சதவீதம் பேருக்குக் காலை இழப்பது, மறுபடி பெரிய சிகிச்சை, மரணம் ஆகியவற்றில் ஏதோ ஒன்று நேர்ந்தது. கம்பி வழிச் சிகிச்சை பெற்றவர்களில் 57.4 சதவீதம். கத்தி ஜெயித்தது. நல்ல சிரை இல்லாதவர்களில் பெரிய வித்தியாசம் இல்லை.

மறு ஆண்டே பிரிட்டனிலிருந்து ‘பேசில்-2’ வந்தது. முழங்காலுக்குக் கீழே அடைப்பு உள்ள 345 பேர். அதில் காலை இழந்தவர்களும் இறந்தவர்களும் சேர்த்து, சிரை பைபாஸில் 63 சதவீதம், கம்பியில் 53. கம்பி ஜெயித்தது.

இரண்டும் நல்ல ஆய்வுகள். முரண்படுவது போலத் தெரிந்தாலும், நோயாளிகள் வேறு, அடைப்பின் இடம் வேறு, எதை எண்ணினார்கள் என்பதும் வேறு. எனக்கு இதில் உறைக்கிற விஷயம் வேறொன்று: எந்தப் பக்கம் போனாலும் எண்ணிக்கை பயங்கரமாகத்தான் இருக்கிறது. கால் அழுகும் கட்டத்துக்கு வந்தவருக்கு இதயமும் சிறுநீரகமும் பெரும்பாலும் அதே நிலையில்தான் இருக்கும். கத்தியா கம்பியா என்று சண்டை போடும் நேரத்தில், ஐந்து வருஷம் முன்னால் அவர் பீடியை விட்டிருந்தால் என்ற கேள்வி மூலையில் உட்கார்ந்திருக்கிறது.

நம் ஊருக்கு இது தூரத்துக் கதை இல்லை. சர்க்கரைக் கால் புண்ணோடு அலைந்த குடும்பங்களுக்கு ‘காலை எடுத்துடணும்’ என்ற வார்த்தை எப்படி இறங்கும் என்பது தெரியும். சில நேரம் அந்த வார்த்தை சரியானதும்கூட. சீழ் மேலேறி ரத்தத்தில் விஷம் பரவும்போது, காலை எடுப்பதுதான் உயிரைக் காப்பது. அப்போது ஆஞ்சியோவுக்காகக் காத்திருக்க முடியாது. ஆனால் அப்படி அவசரமில்லாத நிலையில், ரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது என்று டாப்ளர் ஸ்கேனோ ஆஞ்சியோவோ பார்க்காமலே காலை எடுக்கச் சொன்னால், ‘ஒரு தடவை ரத்தக் குழாயைப் பார்த்துடலாமா டாக்டர்?’ என்று கேட்பதில் தப்பே இல்லை. இன்னொரு நுணுக்கம்: சர்க்கரை நோயாளிகளின் தமனிச் சுவர் சுண்ணாம்பேறி விறைத்திருப்பதால், கணுக்காலில் பிரஷர் கருவியைக் கட்டி எடுக்கும் அளவு நன்றாக இருப்பது போலப் பொய் சொல்லலாம். கால் கட்டைவிரலில் எடுக்கும் அளவு அவ்வளவு ஏமாற்றாது.

சர்க்கரை நோயாளிகளுக்கு இதயத்தில் பல குழாய் அடைப்பு இருந்தாலும் இதே போல யோசிக்க வேண்டும். 2012-ல் வந்த ‘ஃப்ரீடம்’ ஆய்வில் இப்படிப்பட்ட 1,900 பேர் இருந்தார்கள். ஐந்து ஆண்டில் இறந்தவர்கள் ஸ்டென்ட் பக்கம் 16.3 சதவீதம், பைபாஸ் பக்கம் 10.9. மார்பைத் திறப்பது பயமாகத்தான் இருக்கும். பயம் சொல்வதும் கணக்கு சொல்வதும் சில சமயம் வேறு வேறு.

சீட்டு தலைகீழாகிவிட்டது

1964-ன் சிக்கல், பார்ப்பதற்கும் சரிசெய்வதற்கும் நடுவே ஒரு சுவர் இருந்தது. பார்த்தவருக்குக் கை வைக்க அனுமதி இல்லை. அந்தச் சுவர் இடிந்தது நல்லதே. மாரடைப்போடு வருகிறவருக்கு, ஆஞ்சியோவில் அடைப்பைப் பார்த்த கையோடு ஸ்டென்ட் வைப்பதுதான் உயிரைக் காப்பாற்றுகிறது. அதில் இரண்டாவது பேச்சே இல்லை.

ஆனால் மாரடைப்பு இல்லாமல், நடந்தால் நெஞ்சு பிடிக்கிறது என்று மட்டும் வருகிறவர் வேறு. 2007-ல் ‘கரேஜ்’ ஆய்வு, 2,287 பேர்; 2020-ல் ‘இஸ்கீமியா’ ஆய்வு, 5,179 பேர். இப்படிப்பட்ட நெஞ்சுவலி உள்ளவர்களில், ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறவர்களைவிட ஸ்டென்டும் சேர்த்து வைத்துக்கொண்டவர்கள் கூடுதல் காலம் வாழவில்லை. வலி குறைந்தது, அது பெரிய விஷயம்தான், ஆனால் உயிர் விஷயம் இல்லை. இருந்தும் திரையில் ஒரு குறுகலைப் பார்த்துவிட்டால், சரிசெய்யாமல் கையை இழுத்துக்கொள்வது மனித சுபாவத்துக்கு முடிகிற காரியமாக இல்லை. கண்ணில் பட்டதும் கை தானாக நீள்கிற இந்த அனிச்சைக்கு இதயநோய் மருத்துவர்களே ஒரு கிண்டல் பெயர் வைத்திருக்கிறார்கள். சுவர் இருந்த இடத்தில் இப்போது ஒரு மூச்சு விடும் இடைவெளிகூட இல்லை.

கேத் லேப் வாசலில் நின்றவர்களுக்கு இந்தக் காட்சி தெரியும். கதவு திறக்கிறது. பச்சை உடுப்பில் ஒருவர் வந்து பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். ‘அப்பாவுக்கு ஒரு குழாயில எண்பது பெர்சென்ட் அடைப்பு இருக்கு. கையோட ஸ்டென்ட் வச்சிடலாமா?’ அப்பா உள்ளே மேசையில், மணிக்கட்டில் கதீட்டரோடு படுத்திருக்கிறார். வெளியே மகனும் மாமாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். ‘உங்களுக்கு எது நல்லதுன்னு படுதோ செய்ங்க டாக்டர்’ என்று சொல்லி, நீட்டிய தாளில் கையெழுத்துப் போடுகிறார்கள். அந்த இடத்தில் கேட்க ஒரு கேள்விக்குத்தான் நேரம் இருக்கும்: ‘இன்னைக்கே செய்யலைன்னா என்ன ஆகும் டாக்டர்?’

பதில் ‘இது அட்டாக், தள்ளிப்போட்டால் ஆபத்து’ என்று வந்தால், கையெழுத்தைப் போட்டுவிட வேண்டியதுதான். ‘உடனே ஒன்றும் ஆகாது’ என்று வந்தால் கதீட்டரை உருவிவிட்டு அப்பாவை வீட்டுக்குக் கூட்டிப்போகலாம். இன்னொரு நாள் மறுபடி வரவேண்டியிருக்கும், மறுபடி ஓர் ஊசி, மறுபடி ஒரு பில். அந்தச் சிரமம் உண்மைதான். இடையில் அந்தப் படத்தை இன்னொரு மருத்துவரிடம் காட்டலாம், பைபாஸா மருந்தா என்று அப்பாவிடமே பேசலாம். மணிக்கட்டில் குத்திய இடம் அதற்குள் ஆறியும் போயிருக்கும்.